பாயிரமும் பரிந்துரையும்: இணையத் தொடர்களை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல்

முன்னுரை

நல்ல நூலொன்றைக் கற்றவர் அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தமிழ் இலக்கண மரபு இதனைப் பாயிரம் என்னும் பெயரால் வரையறுத்து, அதில் இடம்பெற வேண்டியவை எவை, அதனைக் கூறத் தகுதியுடையார் யாவர் என்பவற்றையும் வகுத்துள்ளது. இன்று நூல்களைப் போலவே இணையவழிக் காட்சித் தளங்களில் வெளிவரும் தொடர்களும் திரைப்படங்களும் பரிந்துரைக்குரிய பொருள்களாகிவிட்டன. வார விடுமுறையில் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கத்தக்கவை எனத் தொடர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இதழ்களிலும் நண்பர்களின் உரையாடல்களிலும் இடம்பெறுகின்றன. இப்பரிந்துரைகள் திறனாய்வு ஆகுமா? ஆகாவெனின் அவற்றில் குறைவது யாது? நன்னூலின் பாயிரக் கொள்கையைத் துணைக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகின்றது. 'டெல்லி க்ரைம்', 'பஞ்சாயத்', 'சுழல்' ஆகிய மூன்று இந்தியத் தொடர்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

காத்திருப்பிலிருந்து ஒரே மூச்சிற்கு

இந்தியத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காலம் காத்திருப்பின் காலமாகும். தூர்தர்ஷனில் 1984இல் தொடங்கிய 'ஹம் லோக்', 1987இல் தொடங்கி ஞாயிறுதோறும் ஒளிபரப்பான 'இராமாயணம்' ஆகியவற்றைக் கண்டோர் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தனர். அவ்விடைவெளியில் கதை வீட்டுத் திண்ணையிலும் அலுவலகத்திலும் பேசப்பட்டது. பார்த்ததை அசைபோடுவதற்கு ஒளிபரப்பு முறையே இடமளித்தது எனலாம்.

2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முதற்பருவப் பகுதிகள் 13ஐயும் ஒரே நாளில் வெளியிட்டது. இம்முறை பரவியதையடுத்து, ஒரே அமர்வில் பல பகுதிகளைப் பார்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் காலின்ஸ் அகராதி 2015ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும், அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவிற்கு வந்தன. 2018 ஜூலையில் வெளிவந்த 'சேக்ரட் கேம்ஸ்', நெட்ஃபிளிக்ஸின் முதல் இந்தியத் தொடராயிற்று. ஒரு பகுதி முடிந்தவுடன் அடுத்த பகுதி தானே தொடங்கும் அமைப்பும் பார்வையாளர்க்குப் பழகிப்போயிற்று. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் உறக்கத்தையே தம் நிறுவனத்தின் போட்டியாளராகச் சுட்டியமை, பார்வையாளரின் நேரம் எவ்வாறு நோக்கப்படுகின்றது என்பதைப் புலப்படுத்தும்.

இச்சூழலில் 'ஒரே மூச்சில் பார்க்கத்தக்கது' என்பது நுகரும் முறையைக் குறிப்பதோடு நில்லாமல், படைப்பின் தரத்தைக் குறிக்கும் பாராட்டாகவும் மாறிவிட்டது. இம்மாற்றமே ஆராய்தற்குரியது.

யார் பரிந்துரைக்கலாம்?

நூலாசிரியன் எத்துணைத் துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது பவணந்தியார் கொள்கை. ஆகவே சிறப்புப் பாயிரம் உரைக்கும் உரிமையை அவர் நால்வர்க்கு அளிக்கின்றார்: ஆசிரியனுக்குக் கற்பித்தவர், அவனுடன் கற்றவர், அவனிடம் கற்றவர், அவன் நூலுக்கு உரை கண்டவர். இந்நால்வரும் நூலையோ நூலாசிரியனையோ அணுகி அறிந்தவர்கள். தாம் கூறுவதற்குப் பொறுப்பேற்கும் நிலையில் உள்ளவர்கள்.

காட்சித் தளம் இந்நால்வருள் ஒருவராக அமையவில்லை. தான் தயாரித்த தொடரைத் தானே முன்னிறுத்தும்போது அது நூலாசிரியன் நிலையில் நிற்கின்றது. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் தன் பரிந்துரைக் கணிப்பைப் பத்து விழுக்காடு மேம்படுத்துவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்து, 2009இல் அதனை வழங்கியது. அப்போட்டியில் கணிக்கப்பட்டது பார்வையாளர் ஒரு படத்திற்கு எத்தனை விண்மீன்கள் இடுவார் என்பதாகும். 2017இல் விண்மீன் மதிப்பீடு நீக்கப்பட்டு, விருப்பம், விருப்பமின்மை ஆகிய இரண்டை மட்டும் குறிக்கும் கட்டைவிரல் குறி கொண்டுவரப்பட்டது. ஐந்து படிநிலைகளில் தரத்தை எடைபோட்ட பார்வையாளர், இதன்பின் 'பிடித்தது' அல்லது 'பிடிக்கவில்லை' என்னும் இரு நிலைகளுள் ஒன்றைத் தேர்பவரானார்.

இங்கு ஒரு தடை எழலாம். தன் ஆற்றலை அறியாதாரிடத்து ஆசிரியன் தன்னைப் புகழலாம் என நன்னூலே விலக்களிக்கின்றதன்றோ? புதிய தொடரைப் பார்வையாளர் அறியாதவராதலின் தளத்தின் புகழ்ச்சியும் தகும் எனலாமே? ஆயின் அவ்விலக்கு தன்னைப் புகழ்வோன் தான் யார் என்பதை வெளிப்பட நிறுத்திக்கொண்டு புகழ்தலுக்கே உரியது. தளத்தின் பரிந்துரையோ பார்வையாளரின் சொந்த விருப்பம் போலத் தோற்றமளிக்கின்றது. விற்போன் குரல் வாங்குவோன் குரலாக ஒலிக்கின்றது. எனவே அவ்விலக்கு இதற்குப் பொருந்தாது.

மாறாக, நண்பர் ஒருவரின் பரிந்துரை உடன்கற்றவர் கூற்றை ஒத்தது. அவர் தொடரைப் பார்த்தவர், கேட்பவரையும் அறிந்தவர். அவர் கூற்றுத் தவறாயின் மறுநாள் அவரிடமே காரணம் கேட்கவும் இயலும். முறையான திறனாய்வு வளர்தற்குரிய நிலம் இத்தகைய பரிந்துரையே ஆகும்.

எதைக் கூற வேண்டும்?

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூற வேண்டும் என்பது இலக்கண விதி. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும், அது முதனூலா வழிநூலா என்னும் வரலாறும், வழங்கும் நில எல்லையும், யாப்பும், நுதலிய பொருளும், கேட்டற்கு உரியாரும், பெறும் பயனும் அவை. காலத்தையும் களத்தையும் காரணத்தையும் இவற்றோடு சேர்ப்பாரும் உளர். இவற்றுள் பெயரையும் ஆசிரியரையும் பட்டியல்கள் பெரும்பாலும் கூறிவிடுகின்றன. பயனை 'பொழுதுபோக்கு' என ஒரு சொல்லில் அடக்குகின்றன. விடுபடுவன வழி, யாப்பு, பொருள், கேட்போர் என்பனவே. இவ்விடுபாட்டால் நேரும் இழப்பைப் பின்வரும் தொடர்கள் காட்டுகின்றன.

கேட்போர்: டெல்லி க்ரைம்

ரிச்சி மேத்தா இயக்கத்தில் 2019 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'டெல்லி க்ரைம்' தொடரின் முதற்பருவம் ஏழு பகுதிகள் கொண்டது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையின் புலனாய்வை அது காட்சிப்படுத்துகின்றது. ஷெஃபாலி ஷா துணைக் காவல் ஆணையராக நடித்துள்ளார். 2020இல் சிறந்த நாடகத் தொடர்க்கான பன்னாட்டு எம்மி விருதை இது பெற்றது. அப்பிரிவில் விருது பெற்ற முதல் இந்தியத் தொடர் இதுவே.

இத்தொடர் கொடுமையைக் காட்சியாகக் காட்டுவதில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பேசப்படும் சொற்களின் வழியாகவும், அவற்றைக் கேட்கும் அதிகாரிகளின் முகங்களின் வழியாகவுமே பார்வையாளர் அதனை அறிகின்றனர். பார்ப்பவரைக் காட்சிச் சுவைஞராக்க மறுக்கும் இந்த அறவுணர்வே தொடரின் பெருஞ்சிறப்பு. இத்தகைய படைப்பை 'விறுவிறுப்பான துப்பறியும் தொடர்' என்னும் தலைப்பின்கீழ் வைப்பது, அது எதனை மறுத்ததோ அதனையே அதன்மேல் ஏற்றுவதாகும். காவல்துறையின் நோக்குநிலையிலேயே கதை பெரிதும் நகர்தலால், தெருவில் திரண்ட மக்களின் சினம் புலனாய்வுக்கு இடையூறாகத் தோன்றும் இடங்களும் உள்ளன. இக்குறையையும், இதனைத் தாங்க இயலாத நிலையில் இருக்கும் பார்வையாளரையும் கருதாத பரிந்துரை, கேட்போர் என்னும் உறுப்பை இழந்ததாகும்.

பொருளும் வழியும்: பஞ்சாயத்

தீபக் குமார் மிஸ்ரா இயக்கத்தில் 2020 ஏப்ரல் 3 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்த 'பஞ்சாயத்' தொடரின் முதற்பருவம் எட்டுப் பகுதிகள் கொண்டது. பொறியியல் பட்டதாரி ஒருவர் வேறு நல்ல வேலை அமையாமையால், உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் உள்ளதாகக் காட்டப்படும் புலேரா சிற்றூருக்கு ஊராட்சிச் செயலாளராக வருகின்றார். நாடு முழுதும் பொதுமுடக்கம் தொடங்கிச் சில நாள்களிலேயே இது வெளிவந்தது. நகரத்து இளைஞர் ஒருவர் ஓர் ஊருக்குள் அடைபட்டு வாழக் கற்கும் கதை அந்நாள்களில் பெற்ற நெருக்கத்தைக் காலம் என்னும் உறுப்பின்றி விளக்க இயலாது.

பட்டியல்கள் இதனை 'மனத்துக்கு இதமான நகைச்சுவை' எனக் குறிப்பது வழக்கம். அது பொய்யன்று, ஆயின் நுதலிய பொருள் அதனுடன் முடியவில்லை. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. புலேராவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மஞ்சு தேவி. தலைவராக நடந்துகொள்பவர் அவர் கணவர். அலுவலகப் பூட்டின் சாவி, சூரிய ஆற்றல் விளக்கு, சக்கர நாற்காலி எனச் சிறு சிக்கல்களைச் சுற்றிப் பகுதிகள் நகர, மஞ்சு தேவி பெரும்பாலும் வீட்டினுள்ளேயே காணப்படுகின்றார். இறுதிப் பகுதியில் குடியரசு நாளில் கொடியேற்ற வேண்டியவர் அவரே என்னும் நிலை எழ, அவர் நாட்டுப்பண்ணை மனனம் செய்து மேடையேறுகின்றார். அதுவரை சிரித்துக் கடந்த காட்சிகள் அனைத்தும் அப்பொழுது வேறு பொருள் கொள்கின்றன. கணவரை அன்புக்குரியவராக ஆக்குவதன்மூலம் பறிக்கப்பட்ட உரிமையின் உறைப்பைத் தொடர் குறைத்துவிடுகின்றது என்பதும் மறுக்க இயலாத குறையே. நிறையும் குறையும் ஆகிய இரண்டுமே 'இதமான நகைச்சுவை' என்னும் குறிப்பால் மறைக்கப்படுகின்றன.

இத்தொடரின் வழிநூலாக 2024 செப்டம்பரில் தமிழில் 'தலைவெட்டியான் பாளையம்' வெளிவந்தது. அதனைத் தமிழ்ப் பார்வையாளர்க்குப் பரிந்துரைப்பவர் முதனூலையும் சுட்டுதல் கடமையாகும். வழிநூல் முதனூலோடு பெரிதும் ஒத்து, வேண்டுமிடத்து வேறுபடும் என்பது மரபு. எங்கு வேறுபட்டுள்ளது, அவ்வேறுபாடு தமிழகச் சிற்றூரின் இயல்புக்கு ஏற்ப அமைந்ததா என்னும் வினாக்கள் வழியைக் கூறினாலன்றி எழமாட்டா.

யாப்பு: சுழல்

யாப்பு என்னும் பாயிர உறுப்பிற்கு, இந்நூலைக் கேட்டபின் இதனைக் கேட்டல் தகும் என்னும் இயைபு என உரையாசிரியர் பொருள் கொள்வர். அடுத்து எதைப் பார்ப்பது என்னும் இன்றைய வினா இதுவே. காட்சித் தளம் இதற்கு இடைவெளியற்ற விடையைத் தருகின்றது. மரபோ கற்பவரின் தகுதியையும் வரிசையையும் எண்ணி விடை தந்தது.

யாப்பு என்னும் சொல் கட்டமைப்பையும் குறிக்குமாதலின், பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளன என்பதையும் அதனுள் அடக்கி நோக்கலாம். புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கி 2022 ஜூனில் வெளிவந்த 'சுழல்' தொடரின் முதற்பருவம் இதற்கு ஏற்ற சான்றாகும். இளம்பெண் ஒருத்தி காணாமற்போன மருமத்தை எட்டுப் பகுதிகளில் அது அவிழ்க்கின்றது. ஒவ்வொரு பகுதியின் இறுதியும் அடுத்ததை நோக்கி இழுக்கின்றது. 'பஞ்சாயத்' பகுதிகள் மாலையில் தொடுத்த பூக்களைப் போலத் தனித்தும் நிற்பன. 'சுழல்' பகுதிகள் ஒரே கயிற்றின் முறுக்குகள். ஆகவே இதனை ஒரே மூச்சில் பார்க்கலாம் என்பது நியாயமான கூற்றே.

ஆயினும் அக்கூற்று முழுமையானதன்று. அங்காளம்மனுக்குரிய மயானக்கொள்ளைத் திருவிழாவின் நாள்களினூடே கதை நகர்கின்றது. ஊர் கூடித் தெய்வத்தின் சினத்தை ஆடிக் காட்டும் அதே வேளையில், குடும்பத்தினுள் மறைக்கப்பட்ட கொடுமையொன்று வெளிப்படுகின்றது. சடங்கிற்கும் கதைக்கும் உள்ள இவ்வியைபு நின்று நோக்குவார்க்கே புலனாகும். மருமத்தை மட்டும் துரத்துவார்க்குத் திருவிழா வண்ணப் பின்னணியாகவே எஞ்சும். கொடுமையின் இயல்பு கருதி இங்கும் கேட்போர் யாவர் எனக் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. 'ஒரே மூச்சில் பார்க்கத்தக்கது' என்பது ஒரு தொடரின் யாப்பைப் பற்றிய செய்தி. அதனைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாறு கொள்வதால், தனித்தனியே நின்று பொருள் தரும் 'பஞ்சாயத்' போன்றவையும், மெல்லப் பார்க்க வேண்டிய 'டெல்லி க்ரைம்' போன்றவையும் தம் இயல்பு மறைந்து ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றன. தளத்தின் தற்புகழ்ச்சியையும் பார்த்தறிந்தவரின் பரிந்துரையையும் வேறுபடுத்தி அறிதற்கு நன்னூல் வகுத்த தகுதிமுறை இன்றும் பயன்படுகின்றது.

பரிந்துரைப் பட்டியல்கள் திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானவை என ஒதுக்குதல் தமிழ்த்துறைகளுக்கு எளிது. எனினும் வகுப்பறைக்கு வெளியே மாணவர்கள் ஒரு படைப்பை மதிப்பிட்டுப் பிறர்க்குக் கூறும் இடம் பெரும்பாலும் அதுவாகவே உள்ளது. தாம் கண்ட தொடர் ஒன்றற்கு எட்டு உறுப்புகளும் நிறைந்த சிறப்புப் பாயிரம் வரையுமாறு முதுகலை மாணவர்க்குப் பயிற்சியளிக்கலாம். தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யப்பட்டுவரும் பாயிரவியல் அதனால் மீண்டும் வழக்கிற்கு வரும். நண்பரிடம் ஒரு தொடரைப் பாருங்கள் எனச் சொல்லுமுன் யார்க்கு, எதற்காக, எதன்பின் என்னும் வினாக்களை எழுப்பிக்கொள்ளும் பழக்கமும் மாணவரிடையே உருவாகும்.