கடிகாரம் இல்லாத ஊர்

லாஸ் வேகஸைப் பழிப்பது சுலபமான காரியம். சூதாட்ட ஊர், பணக்கொழுப்பு, எல்லாம் போலி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டால், சொன்னவருக்கு ரசனை உண்டு என்று பெயர் கிடைத்துவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. போலியைக் கண்டு முகம் சுளிக்கக் கதை வாசகர்களாகிய நமக்கு என்ன யோக்கியதை? பிறக்காத ஒருத்திக்கு வராத காய்ச்சலை ஒருவன் எழுதி வைத்தால், அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள்தாமே நாம்? பொய் சொன்னதற்காக ஓர் ஊரைத் தண்டிக்கக் கூடாது. பொய்யை நன்றாகச் சொல்லியிருக்கிறதா என்று கேட்பதுதான் நியாயம்.

நெவாடா ராஜ்யம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. பாலைவனத்தின் நடுவே ரயிலை நம்பி ஏற்பட்டிருந்த சிற்றூர் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. சூதாட்டம் மட்டும் போதாமல் போகவே, வருகிறவர்களுக்கு வேடிக்கையும் காட்ட வேண்டியிருந்தது. 1966-ல் 'சீஸர்ஸ் பாலஸ்' ரோமாபுரியைக் கொண்டுவந்தது. 1993-ல் 'லக்ஸர்' ஹோட்டல் எகிப்தியப் பிரமிடு உருவத்தில் எழுந்தது. 1997-ல் நியூயார்க் வந்தது. 1999-ல் வெனிஸும் பாரிஸும் வந்தன. இந்தப் பாரிஸிலும் ஈபில் கோபுரம் உண்டு. அசலில் ஏறக்குறையப் பாதி, 540 அடி. இந்த வெனிஸில் கால்வாய் மாடியில் ஓடுகிறது. பாடிக்கொண்டே படகு தள்ளுகிறார்கள். மேலே வரைந்த வானத்தில் மேகம் இருக்கிறது, மழை இல்லை.

நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் செட்டியார் பொம்மையும், அதற்குப் பக்கத்தில் கிரிக்கெட் கோஷ்டியும் நிற்பதில்லையா? அந்த மாதிரி இங்கே ஒரே தெருவில் உலகம் வரிசையாக நிற்கிறது. கொலுவைப் பார்த்து யாரும் போலி என்று சொல்வதில்லை. கொஞ்ச நேரம் மகிழ்ந்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கொலுவில் பாட்டி காலத்து மரப்பாச்சி ஒன்று இருக்கும். அதன் மூக்குத் தேய்ந்திருக்கும். அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். லாஸ் வேகஸ் தெருவில் மூக்குத் தேய்ந்த பொம்மைக்கு இடம் கிடையாது. 'ட்யூன்ஸ்' ஹோட்டலை 1993-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு வாணவேடிக்கை விட்டு ஊரையும் கூட்டினார்கள். 1957-ல் திறந்த 'ட்ராப்பிகானா' 2024-ல் அதே மாதிரி விழுந்தது. 'மிராஜ்' வாசலில் 1989 முதல் நெருப்புக் கக்கிய செயற்கை எரிமலையும் 2024-ல் அணைந்தது.

சூதாட்டக் கூடத்தில் பொதுவாகக் கடிகாரம் வைப்பதில்லை, ஜன்னலும் அபூர்வம். மணி தெரிந்தால் மனிதன் எழுந்து போய்விடுவான். கூடத்துக்கு ஏற்ற அந்த யுக்தி தெரு முழுவதற்கும் தொற்றிக்கொண்டது. அசல் வெனிஸைப் பார்க்கிறவனுக்கு, 'இது இன்னும் எத்தனை காலமோ!' என்ற கவலை அழகோடு சேர்ந்தே வரும். கடல் அதன் வாசற்படிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. மாடியில் ஓடும் வெனிஸுக்கு அந்தக் கவலை இல்லை. காலம் நுழையாத கதையில் பாத்திரங்கள் உடுத்தலாம், பேசலாம், பாடலாம். அவர்களுக்கு எதுவும் நேராது. எதுவும் நேராதவர்களுக்காக நாம் அழுவதற்கில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 'ட்யூன்ஸ்' நின்ற இடத்தில் 1998-ல் எழுந்த 'பெல்லாஜியோ'வின் நீரூற்றுகளைச் சொல்கிறேன். ஹோட்டல் இத்தாலிய ஏரிக்கரை வேஷம் போட்டிருக்கிறது. ஊற்றுக்கு வேஷமே இல்லை. பாட்டோடு எழுகிறது, பாட்டு முடிந்ததும் விழுந்து வெறும் தண்ணீராகிவிடுகிறது. காலணாச் செலவில்லாமல் தெருவில் நின்றே பார்க்கலாம். தொடக்கமும் முடிவும் இருப்பதால் அது நல்ல சிறுகதை.

ஊரை விட்டு முப்பது மைல் தென்கிழக்கே போனால் ஹூவர் அணை. கொலராடோ நதியின் குறுக்கே 726 அடி உயரத்துக்குக் கான்க்ரீட். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1931-ல் ஆரம்பித்து 1936-ல் முடித்தார்கள். வேலையில் இறந்தவர்கள் சர்க்கார் கணக்கில் 96 பேர். அங்கே ஆஸ்கர் ஹான்ஸன் என்ற சிற்பி தரையில் ஒரு நக்ஷத்திரப் படம் பதித்திருக்கிறார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அணையை அர்ப்பணித்த 1935 செப்டம்பர் 30-ந் தேதியை அது குறிக்கிறது. நம் பாஷைகளும் பஞ்சாங்கங்களும் மறைந்துபோன பிறகு வருகிறவன்கூட, நக்ஷத்திரங்களின் நிலையைக் கொண்டு அந்த நாளைக் கணித்துவிடலாம் என்பது உத்தேசம். கடிகாரத்தை ஒளித்து வைக்கிற ஊருக்குத் தண்ணீர் தருகிற இடத்தில், வானத்தையே கடிகாரமாக்கி வைத்திருக்கிறார்கள்!

அணைக்குப் பின்னால் மீட் ஏரி. கரைப் பாறைகளில் நீர் இறங்கிய இடமெல்லாம் வெள்ளைப் பட்டை தெரிகிறது. ஏரி நிரம்பத் தொடங்கிய 1930-களுக்குப் பிறகு இல்லாத அளவுக்கு 2022-ல் தாழ்ந்தது. அதற்கு முந்தின வருஷமே நெவாடா சட்டசபை விழித்துக்கொண்டு, அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்தரைகளுக்கு, வீட்டுத் தோட்டங்கள் நீங்கலாக, 2026-க்குப் பின் கொலராடோ நீரைப் பாய்ச்சக் கூடாது என்று சட்டம் செய்தது. எந்த ஹோட்டலும் காட்டாத காட்சி அந்த வெள்ளைப் பட்டை. இங்கே ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறது என்று அது ஒன்றுதான் சொல்கிறது.

ஊருக்கும் இது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். இடித்த ஹோட்டல்களின் விளக்குப் பலகைகளைப் பொறுக்கி வைத்து, 2012-ல் நியான் மியூஸியம் திறந்தார்கள். வர்ணம் உதிர்ந்து, பல்பு உடைந்து கிடக்கிற அந்த எழுத்துக்கள்தாம் லாஸ் வேகஸின் மரப்பாச்சிகள்.

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய பாஷையில் புல்வெளிகள். பாலைக்கு நடுவே ஊற்று இருந்தது, புல் முளைத்தது, வழிப்போக்கர்கள் தங்கினார்கள், பெயர் வந்தது. ஊர் உறிஞ்ச உறிஞ்ச, 1962-ல் ஊற்று நின்றுவிட்டது. அந்த இடத்தைக் காப்பாற்றி 2007 முதல் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். ரோம், பாரிஸ், வெனிஸ் எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அங்கும் ஒரு நடை போகலாம். அந்தத் தெருவில் எல்லா ஊரும் இருக்கிறது. லாஸ் வேகஸ் மட்டும் இங்கே இருக்கிறது.