மனநிறைவு என்னும் அளவுகோல்

தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியமாகிறான் என்று கார்ல் மார்க்ஸ் தமது 1844-ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் எழுதினார். செய்த பொருள் அவனுக்குரியதன்று. செய்யும் செயலும் அவன் வசத்தில் இல்லை. எனவே அவன் தன் மனித இயல்புக்கும் உடன் உழைப்போருக்கும் அந்நியனாகிறான். மார்க்ஸ் சுட்டியது ஒரு நிலையையே, வெறும் உணர்வையன்று. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, அமெரிக்கச் சமூகவியலார் இராபர்ட் பிளவுனர் 1964-இல் வெளியிட்ட 'அந்நியமாதலும் சுதந்திரமும்' என்னும் நூலை நாம் நோக்குவோம்.

அச்சுத்தொழில், பஞ்சாலை, மோட்டார் வாகனம், இரசாயனம் ஆகிய நான்கு தொழில்களை இந்நூல் ஒப்பிடுகிறது. அதிகாரமின்மை, செய்வதன் பொருள் விளங்காமை, தனிமை, தன்னிழப்பு என அந்நியமாதலை நான்காகப் பகுக்கிறது. எல்லா ஆலைகளும் ஒன்றல்ல, தொழில்நுட்பம் மாறும்போது உழைப்பின் துயரும் மாறுகிறது என்று தெளிவாக்கியது இந்நூலின் சிறப்பு.

ஆயினும் பஞ்சாலை பற்றிய பகுதியில் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. தென்மாநிலப் பஞ்சாலைத் தொழிலாளர் இயந்திரத்தின் வேகத்திற்குக் கட்டுண்டவர்கள். எனினும் எதிர்பார்த்த அளவு மனக்குறை அவர்களிடம் இல்லை. உறவும் ஊரும் சமயமும் அவர்களைத் தாங்கின என்கிறார் ஆசிரியர். தாங்கினவா, அன்றி அடக்கினவா? மனநிறைவைக் கேட்டறியும் அளவுகோலால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

பின்னாளில் யேல் இறையியல் கல்லூரியின் தலைவரான லிஸ்டன் போப், 1942-இல் வெளியிட்ட ஆய்வில் இதே மண்ணைக் காட்டுகிறார். வட கரோலினாவின் காஸ்டன் மாவட்டத்தில் ஆலை முதலாளிகளே சபைகளுக்குப் பொருளுதவி செய்தனர். ஒருவர் கவனிக்கவேண்டிய இயந்திரங்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டதை எதிர்த்து, 1929-இல் லோரே ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நிலைபெற்ற சபைகளின் போதகர்கள் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. போராட்டத்தை நடத்திய சங்கம் பொதுவுடைமையர் தலைமையில் இருந்தது உண்மையே. அதனால் தொழிலாளரின் குறை பொய்யாகிவிடுமா?

ரால்ஃப் டாரன்டார்ஃப் தமது வர்க்க முரண்பாட்டு ஆய்வில் கூறியது இங்கே பொருந்துகிறது. ஆணையிடுவோரும் கீழ்ப்படிவோரும் உள்ள இடமெல்லாம் முரண்பாடு மறைந்து கிடக்கும். ஒன்றுகூடும் உரிமையும் தலைமையும் வாய்த்தால்தான் அது வெளிப்படும். ஆகவே ஆலையின் அமைதி நீதிக்குச் சான்றாகாது.

இக்கேள்வி மேய்ப்புப்பணியாற்றும் நம்மையும் தொடுகிறது. துயருற்றோரைத் தேற்றுவது நம் கடமை. அதை நாம் விட்டுவிட இயலாது. ஆனால் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்புக்கே முதன்மை என்றும், தொழிற்சங்கங்கள் இன்றியமையாதவை என்றும் கற்பித்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து முகமலர்ச்சியுடன் வீடு திரும்பும் தொழிலாளியைக் கண்டு நாம் மகிழ்கிறோம். திங்களன்று ஆலையில் அவர் வாய்திறந்து பேச முடிகிறதா என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.