ஒரு விண்டோ, பல உறவு

டைலிங் விண்டோ மேனேஜர் என்றதுமே "நமக்கு எதுக்குப்பா அந்த வம்பு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஹேக்கர் வேஷம் கட்டுகிறவர்களின் சமாச்சாரம் என்று பெயர் கெட்டுப்போயிருக்கிறது. கெடுத்தது ஸ்க்ரீன்ஷாட் கோஷ்டிதான். அனிமே வால்பேப்பர், அது தெரியும்படி கண்ணாடி டெர்மினல், விண்டோக்களுக்கு நடுவே ரெண்டு விரல் இடைவெளி. அந்தத் திரையில் யாராவது வேலை பார்த்த அடையாளம் உண்டா? இடைவெளிக்கென்றே ஐ3 என்ற டைலிங் மேனேஜருக்கு ஒரு தனிக்கிளை ஓடிக்கொண்டிருந்தது, 4.22 பதிப்பில் மூல ஐ3-யே அதைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளட்டும். ரசிக்க வேண்டியது அதுவல்ல.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். திறக்கிற விண்டோக்கள் ஒன்றையொன்று மறைக்காமல் திரையைத் தாமே பங்கு போட்டுக்கொள்ளும். ஆல்ட்+ஷிஃப்ட்+என்டர் டெர்மினல். ஆல்ட்+பி புரோகிராம் திறக்க. ஆல்ட்+ஜே, ஆல்ட்+கே விண்டோ விட்டு விண்டோ தாவ. இவை 2006-ல் வந்த டிடபிள்யூஎம் என்ற மேனேஜரின் சாவிகள். மிச்சத்தைக் கை தானே பழகிக்கொள்ளும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். "டிடபிள்யூஎம்-இல் 9 ஒர்க்ஸ்பேஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சாஃப்ட்வேருக்குத் தாவுகிற விமர்சகர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவை ஒர்க்ஸ்பேஸ் இல்லை ஐயா, டேக்!

ஐ3, ஸ்வே என்ற மேனேஜர்கள் இரண்டிலும் இருப்பது ஒர்க்ஸ்பேஸ். அங்கே ஒரு விண்டோ ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். டேக் அப்படியல்ல. ஒரே ஆள் ஒரு வீட்டுக்கு மாமா, இன்னொரு வீட்டுக்குச் சித்தப்பா. அதற்காக அவரை யாரும் ரெண்டாக வெட்டுவதில்லை. எடிட்டர் 1-ல், பிரவுசர் 2-ல் இருக்கிறது என்று வையுங்கள். சர்வர் லாக் ஓடுகிற டெர்மினல் இரண்டு இடத்திலும் வேண்டும். ஒர்க்ஸ்பேஸ்காரர் அதை இங்குமங்கும் தூக்கிக்கொண்டு அலைவார், இல்லையென்றால் இன்னொன்று திறப்பார். டேக்காரர் 1-ல் இருக்கும் அந்த டெர்மினலில் நின்றபடி ஆல்ட்+கண்ட்ரோல்+ஷிஃப்ட்+2 அழுத்துவார். முடிந்தது. மேல் பட்டியைப் பாருங்கள்: 1, 2 இரண்டின் மூலையிலும் குட்டிச் சதுரம் நிரம்பி நிற்கும். நீங்கள் நிற்கிற விண்டோவுக்கு எங்கெங்கே உறவு என்பதற்கு அதுவே சாட்சி.

நிரந்தரமாக வேண்டுமென்றால் கான்ஃபிக் கோப்பில் ரூல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு ஏற்கெனவே 1 << 8 என்று எழுதியிருக்கும். மிரளாதீர்கள், எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அது 9-ஆம் டேக், அவ்வளவுதான். 2-லும் 4-லும் வேண்டுமா? 1 << 1 | 1 << 3. விண்டோவின் வகுப்புப் பெயர் தெரியாவிட்டால் எக்ஸ்பிராப் கட்டளையைக் கொடுத்து அந்த விண்டோவைக் கிளிக் செய்யுங்கள், காட்டிவிடும். பிறகு ஒருமுறை கம்பைல் பண்ண வேண்டும். "அமைப்பை மாத்த சி கம்பைலரா!" என்று அலறுகிறவர்கள், ஒர்க்ஸ்பேஸ் பெயருக்குப் பதில் வைக்கிற பொம்மை எழுத்துருவைத் தேடி ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொலைப்பார்கள்.

ஐ3-யைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்டெய்னருக்குள் கன்டெய்னர் வைத்து, ஒரு கொத்தை மட்டும் டேப்களாக அடுக்குகிற அழகு டிடபிள்யூஎம்-இல் கிடையாது. ஆனால் அது விண்டோக்களை அடுக்குகிற கலை. டேக் எந்த வேலைக்கு எது சொந்தம் என்று பார்க்கிறது. இந்த வித்தியாசம் பிடிபடாதவர் எத்தனை தீம் மாற்றினாலும் மேலோட்டம்தான்.

வேலேண்ட் என்ற திரை அமைப்புக்குப் போய்விட்டவர்கள் டிடபிள்யூஎல் மேனேஜரைப் போட்டுப் பாருங்கள், இதே டேக் அங்கேயும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஆல்ட்+ஷிஃப்ட்+சி ஒரு விண்டோவை மூடும், ஆல்ட்+ஷிஃப்ட்+கியூ விண்டோ மேனேஜரையே மூடிவிடும், வழக்கமான அமைப்பில் திறந்து வைத்த எல்லாமும் கூடவே போகும்.

கடைசியாக, நமக்குள் இருக்கட்டும். என் 7-ஆம் டேக்கில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடும். ஆல்ட்+கண்ட்ரோல்+7 அழுத்தினால் கோடுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும், வேலையை விட்டு எங்கும் போக வேண்டாம். விக்கெட் விழுந்ததா என்று பார்த்துவிட்டு அதையே மறுபடி அழுத்தினால் போய்விடும். மீட்டிங்கில் திரை முழுவதையும் ஷேர் பண்ணியிருக்கும்போது மட்டும் அந்த விரலை அடக்கி வையுங்கள்.