பாயிரமும் இடைச்செருகலும்: ‘ரீஃபர் மேட்னஸ்’ திரைப்படத்தின் தோற்றக் கதை குறித்த ஒரு மறுநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1930களில் அமெரிக்காவில் கஞ்சாவின் தீமையை எச்சரிக்கும் படமாக உருவான ‘ரீஃபர் மேட்னஸ்’, 1970களில் கேலிக்குரிய படமாகப் புகழ்பெற்றது. தூய நோக்கில் எடுக்கப்பட்டுப் பின்னர் வணிகர் கையில் சிதைந்த படம் என வழங்கும் அதன் தோற்றக் கதையைப் படத்தின் பாடத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ரீஃபர் மேட்னஸ், கஞ்சா, தணிக்கை, பாயிரம், இடைச்செருகல்

முன்னுரை

ஒரு பனுவலின் பெயரும் காலமும் நோக்கமும் ஐயத்திற்கு உள்ளாகும்போது, புறச்சான்றோடு அகச்சான்றையும் வைத்து நோக்குவது பதிப்பாய்வு நெறி. திரைப்படத்திற்கும் இந்நெறி பொருந்தும் என்பதற்கு ‘ரீஃபர் மேட்னஸ்’ தக்க எடுத்துக்காட்டாகும்.

பெயரும் காலமும்

இப்படத்தை இயக்கியவர் லூயி காஸ்னியே. பிரான்சில் பிறந்த இவர், 1914இல் வெளிவந்த ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலின்’ தொடர்படத்தின் இயக்குநர்களுள் ஒருவர். தயாரித்தவர் ஜார்ஜ் ஹிர்லிமன். ‘டெல் யுவர் சில்ட்ரன்’ என்பதே படத்தின் முதற்பெயர். ‘தி பர்னிங் க்வெஸ்சன்’, ‘டோப் அடிக்ட்’, ‘டோப்டு யூத்’ முதலிய பெயர்களிலும் அது திரையிடப்பட்டது. அதன் ஆண்டு 1936 என்றும் 1938 என்றும் 1939 என்றும் நூல்தோறும் வேறுபடுகிறது.

இவ்வேறுபாடு சிறியதன்று. கஞ்சாவைக் கூட்டாட்சிச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்த மரிஹுவானா வரிச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. 1936 எனக் கொண்டால் படம் சட்டத்திற்கு முந்தியது. 1938 எனக் கொண்டால் சட்டத்தின் எதிரொலி.

தோற்றக் கதை

பிள்ளைகளின் நலன் கருதிய தேவாலயக் குழு ஒன்று இப்படத்திற்குப் பொருளுதவி செய்தது என்பதும், டுவைன் எஸ்பர் என்னும் வணிகர் அதனை வாங்கிக் கவர்ச்சிக் காட்சிகளைச் செருகினார் என்பதும் வழிவழியாகக் கூறப்படும் கதை. ‘மரிஹுவானா’ (1936) முதலிய பரபரப்புப் படங்களை எடுத்த எஸ்பருக்கு இச்செயல் பொருந்துவதே. ஆயினும் கதையின் முற்பகுதியில் வரும் தேவாலயக் குழு பெரும்பாலும் பெயரின்றியே குறிக்கப்படுகிறது. அறம் முதலில், ஆசை பின்னர் என்னும் அழகிய வரிசையே இக்கதையை நிலைபெறச் செய்தது எனலாம்.

படம் தரும் அகச்சான்று இவ்வரிசைக்கு இசையவில்லை. காரோட்டும் இளைஞன் வழிப்போக்கர்மீது மோதுதல், மேரி சுடப்பட்டு இறத்தல், பழி பில்மீது விழுதல், பிளாஞ்ச் சாளரத்தினின்று குதித்து உயிர்விடுதல், ரால்ஃப் சித்தம் கலங்குதல் ஆகியவையே கதையின் முதுகெலும்பு. இவற்றை இடைச்செருகல் என நீக்கினால் எஞ்சுவது ஒரு சொற்பொழிவு மட்டுமே. சில காட்சித் துண்டுகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டிருந்தாலும், பரபரப்பு மூலப்பாடத்திலேயே உள்ளது.

பாயிரத்தின் பணி

1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தயாரிப்பு விதிமுறை, போதைப்பொருள் வணிகத்தைத் திரையில் காட்டத் தடை விதித்தது. பெருநிறுவனங்கள் தொடாத அப்பொருளைச் சிறு வணிகர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுக்கு அரணாக அமைந்தது படத்தின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கை வாசகம். அதனைப் படத்தின் பாயிரம் எனலாம்.

‘ரீஃபர் மேட்னஸ்’ இப்பாயிரத்தை இருமுறை அமைக்கிறது. முதலில் எழுத்து வடிவில் எச்சரிக்கை வருகிறது. அடுத்துத் தலைமையாசிரியர் கேரல் பெற்றோர் கூட்டத்தில் உரையாற்றுகிறார். முழுக்கதையும் அவர் கூற்றாகவே விரிகிறது. இறுதியில் அவர் விரல் பார்வையாளரை நோக்கி நீள்கிறது. அறவுரை கேட்பவன் என்னும் தகுதியோடு பார்வையாளன் விலக்கப்பட்ட காட்சிகளைக் காண்கிறான். எனவே இங்கு அறவுரையும் பரபரப்பும் ஒன்றையொன்று தாங்கும் உறுப்புகள்; இருவேறு கைகள் எழுதிய இரு படிவங்கள் அல்ல.

சொல்லும் அச்சமும்

‘மரிஹுவானா’ என்பது மெக்சிக ஸ்பானியச் சொல். அமெரிக்க மருந்தகங்கள் நெடுங்காலம் ‘கன்னாபிஸ்’ என விற்றுவந்த செடியையே அது குறித்தது. அச்சொல்லின் அயன்மை அச்சத்திற்குத் துணைநின்றது. தமிழில் ‘கஞ்சா’ என மொழிபெயர்க்கும்போது அந்த அயன்மை மறைந்துவிடுகிறது. தமிழ் ஆய்வாளர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். போதையில் குடும்பத்தையே கோடரியால் கொன்ற இளைஞனைப் பற்றியும் படத்தின் உரையாடல் குறிப்பிடுகிறது. 1933இல் டாம்பா நகரில் நிகழ்ந்த லிகாட்டா குடும்பக் கொலையைக் கூட்டாட்சிப் போதைப்பொருள் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கரும் கஞ்சாவுக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தினார். படமும் அரசும் ஒரே கதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டன.

நகைப்பின் எல்லை

1972இல் கஞ்சாச் சட்டச் சீர்திருத்த அமைப்பின் நிறுவனர் கீத் ஸ்ட்ரூப் 297 டாலருக்கு இப்படத்தின் படி ஒன்றை வாங்கிக் கல்லூரிகளில் திரையிட்டார். பதிப்புரிமைக் குறிப்பில் இருந்த குறையால் படம் பொதுவுடைமையாகியிருந்தது. நியூ லைன் சினிமா நிறுவனம் அதனைப் பரவலாக வெளியிட்டது. எதிர்ப்பதற்கென எழுந்த படம் எதிர்த்தரப்புக்கே பொருளீட்டித் தந்தது.

ஆயினும் அரங்கின் நகைப்பு சட்டத்தைத் தொடவில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைக் கூறுகளை 1969இல் உச்சநீதிமன்றம் செல்லாதவையாக்கியது. ஆனால் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. மாணவர்கள் படத்தைக் கண்டு நகைத்த அதே காலத்தில் அச்சட்டம் நடப்பில் இருந்தது.

முடிவுரை

தூய மூலம், தீய இடைச்செருகல் என்னும் பகுப்பு இப்படத்திற்குப் பொருந்தவில்லை. சிதைத்தவர் எஸ்பர் ஒருவரே எனக் கொண்டால், எச்சரிக்கையே அச்சத்தை விற்பனைப் பொருளாக்கியதைக் காண இயலாது. படத்தை வெறும் நகைப்புக்குரியதாகக் கொண்டால், அதே கதைகள் சட்டமன்றத்தில் சான்றுகளாக ஏற்கப்பட்டமை மறக்கப்படும். அறிவுரைப் படங்களை ஆராய்வோர், அவை யாரை எச்சரித்தன என்பதோடு யாரைத் தண்டிக்கத் துணைநின்றன என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.