அறலும் கூந்தலும்

பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்னும் நக்கீரர் வழக்கை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 1965இல் வந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவ்வழக்கிற்கு மூலம் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. அதே தொகையின் 116ஆம் பாட்டையோ மேடைகளில் எடுத்துரைப்பார் அரியர்.

இளங்கீரன் பாடிய அப்பாட்டில், தலைவியின் கூந்தலுக்குச் சோழரது உறந்தைத் துறையின் அறல் உவமையாகிறது. அறலாவது, ஓடும் நீர் நுண்மணலில் வரிவரியாக இட்டுச் செல்லும் நெளிவு. நெறி என்று புலவர் புகழ்வதும் அந்நெளிவையே. மணத்தைப் பற்றி வாதிட்ட நாம் இவ்வடிவத்தை மறந்தோம்.

மறந்ததன் விலையை நம் இல்லத்திலேயே கண்டோம். பெண் பார்க்க வருகின்றார்கள் என்று, சுருட்டை முடியுடைய மகளை இத்தில்லியில் ஓர் அழகு நிலையத்திற்கு அழைத்துச் சென்று ரீபாண்டிங் செய்வித்தோம். வேண்டாமென்றாள்; நாம் கேட்கவில்லை. மருந்து முடியின் கந்தகப் பிணைப்புகளை உடைத்து நேராக்குகிறது, வேரை மாற்றுவதில்லை. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டராகப் புதுமுடி சுருண்டே வளர்ந்தது. நேரும் சுருளும் கூடுமிடத்தில் முடி ஒடிந்தது. ஒருநாள் நேராக்கிய பகுதி முழுவதையும் அவளே கத்தரித்துவிட்டாள்.

அந்நாட்களில் அவள் கையிலிருந்த நூல், நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா எங்கோசி அடிச்சி 2013இல் வெளியிட்ட 'அமெரிக்கானா'. அதன் தலைவி இஃபெமேலு, வேலைக்கான நேர்காணலை முன்னிட்டுத் தன் முடியை மருந்தால் நேராக்குகிறாள். தலைத்தோல் புண்ணாகி, முடி உதிர, குட்டையாக வெட்டிக்கொள்கிறாள். முதலில் கண்ணாடி முன் நாணுகிறாள்; பின்னர்ச் சிறிது சிறிதாகத் தன் முடியை நேசிக்கக் கற்கிறாள். கறுப்பினப் பெண்ணுக்கு வேலையும் மதிப்பும் முடியின் வடிவத்தால் அளக்கப்படும் கொடுமையை, அறிவுரையாக்காமல் கதையாகவே ஆசிரியர் காட்டுவது நூலின் வெற்றி.

இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின் நம் பாட்டின் குறை ஒன்றும் புலனாகிறது. உவமை எத்துணை அழகியதாயினும் அது தலைவன் கண்ட கூந்தல். அக்கூந்தலை உடையவள் அதில் பேசவில்லை. இஃபெமேலுவோ தானே உணர்ந்து, தானே முடிவு செய்கிறாள். நாவல் நமக்குத் தருவது அக்குரல். பாட்டு நாவலுக்குத் துணையாவதும் உண்டு: நெளிந்த முடியை அழகெனக் காண நம் பெண்கள் கடல் கடந்து சான்று தேட வேண்டுவதில்லை.

இயற்கையைப் போற்றுதல் பேணாது விடுதலாகாது. எண்ணெயும் அகிற்புகையும் மலரும் சங்க மகளிர் அறிந்தவையே. சுருண்ட முடியில் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை எளிதில் இறங்காது. ஆதலின் அது விரைவில் வறளும். அகன்ற பல் சீப்பு, ஈரத்தோடு மெல்லச் சிக்கெடுத்தல், நுனிக்குச் சிறிது தேங்காயெண்ணெய் ஆகிய இவையே இன்று நம் மகளின் முறை.

நக்கீரர் இயற்கையா என்று வினவினார். நாம் வினவத் தவறியது, அவளுக்கு விருப்பமா என்பது.