கேரியரில் ஒரு முதுகு

‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) குத்துச்சண்டை வாத்தியார் ரங்கனாக வரும் பசுபதி சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவார், மிதிப்பது ஆர்யா. ஊரே அதை மீமாக்கிச் சிரித்தது. என் கண்ணில் பட்டது ரங்கன் வாத்தியாரின் முதுகு. கேரியரிலும் அது வாத்தியார் முதுகுதான்.

அந்த முதுகு சினிமாவில் விளைந்ததல்ல. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் விளைந்தது. சிவாஜியும் எம்.ஜி.ஆரும் வந்த பாய்ஸ் கம்பெனி மேடைக்குத் தொண்டைதான் மூலதனம். கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும். முத்துசாமியோ புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தில் மயங்கியவர். நடிகனின் உடம்பிலிருந்து தொடங்கினார். கால் ஊன்றத் தெரிகிறதா, சும்மா நிற்க முடிகிறதா என்பதே அங்கே முதல் பாடம். கணக்கெழுதப் போன விஜய் சேதுபதிகூடப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

பட்டறையில் பசுபதிக்குப் பழக்கமானவர் நாசர். செங்கல்பட்டுக்காரர், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி நாடகக் குழுவில் இருந்தவர். நடுவில் எங்கள் ஊரப்பாக்கத்தைக் கடந்துதானே போயிருப்பார் என்று எனக்கொரு சொந்தம். ‘கல்யாண அகதிகள்’ (1985) வழியே திரைக்கு வந்து, பத்தாண்டு கழித்து, கூத்துக்காரர்களின் கதையையே ‘அவதாரம்’ என்று இயக்கினார். ‘மருதநாயக’த்துக்காகப் பசுபதியைக் கமலிடம் சேர்த்தவரும் அவரே. 1997இல் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்த அந்தப் படம் முடியவேயில்லை.

அதன் பிறகு சினிமா பசுபதிக்குக் கொடுத்தது அரிவாள். ‘தூள்’ ஒரு சாட்சி. ‘விருமாண்டி’யில் (2004) மட்டும் அந்த அரிவாளுக்கு இரண்டு முகம்: பசுபதியின் கொத்தாளத் தேவர் சொல்லும் கதையில் அவர் ஒருவர், விருமாண்டி சொல்லும் கதையில் அவரே வேறொருவர். வேட்டி, மீசை எதுவும் மாறாது, ஆள் மாறியிருப்பார். ‘வெயில்’ முருகேசன் இதற்கு நேரெதிர். தோற்றுப்போய் வீடு திரும்புகிறவன். அதே பட்டறையில் விளைந்த குரு சோமசுந்தரத்துக்கு ‘ஆரண்ய காண்ட’மும் (2011) ‘ஜோக்க’ரும் வாய்த்தன, ஆனாலும் அவரை எல்லா வீட்டிலும் தெரிந்த பெயராக்க ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படம் வர வேண்டியிருந்தது. நமக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி ரஷ்ஷும் நெடுங்காலம் மேடையில் கிடந்தவரே. ‘ஷைன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியபோது வயது 45. ஆனால் 1989இல் சிட்னியின் பெல்வோர் நாடகக் குழுவில் நடித்த கோகோலின் பைத்தியக்காரக் குமாஸ்தாவை, 2010இல் அதே குழுவில் மீண்டும் நடித்தார். திரும்பிப் போக ஒரு வீடு அங்கே இருந்தது. கூத்துப்பட்டறையில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்ததே ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கையால்தான். முத்துசாமி 2018இல் மறைந்தார். இங்கே மேடையிலிருந்து சினிமாவுக்குப் பாதை உண்டு; திரும்பி வருவதற்குச் சம்பளம் கிடையாது.

போன மாதம் ஒரு நாடகம் முடிந்து கோடம்பாக்கத்தில் செங்கல்பட்டு வண்டி பிடித்தேன். சற்றுமுன் மேடையில் பார்த்த பையன் எதிரே உட்கார்ந்திருந்தான். கண்மை சரியாகப் போகவில்லை. போனில் ஏதோ ஆடிஷனுக்காகத் தன் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான். எல்லாமே ஜிம்மில் எடுத்தவை. மேடையில் எடுத்தது ஒன்றுகூட இல்லை.