வாரக் கணக்கும் ஒரு சொல்லும்

சட்டமும் ஒரு நூலே; அதன் சொற்களையும் நாம் ஆராய்தல் தகும். இந்தியாவின் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரங்களை எல்லையாக வகுத்தது. அதற்குப்பின் தாயின் உயிரைக் காக்க மட்டுமே இடமளித்தது. கருவை ஒலியலைக் கருவியால் பார்க்கும் வழக்கம் அந்நாளில் பரவியிருக்கவில்லை. இன்றோ, கருவின் உறுப்புக் குறைகளை அறியும் ஸ்கேன் சோதனையே பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில்தான் நடைபெறுகிறது. குறை தெரியும் வேளையில் கதவு அடைபட்டுவிடும்! கருவின் இதயக் கோளாற்றைக் காலங்கடந்து அறிந்த தம்பதியரின் மனுவை 2008-இல் மும்பை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது இவ்வாறுதான்.

2021-ஆம் ஆண்டுத் திருத்தமோ, கருவில் 'கணிசமான' குறை உண்டென மருத்துவக் குழு கண்டால் வார எல்லையே இல்லை என்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கணிசம் என்பது எவ்வளவு? பிறந்தால் 'கடுமையான' ஊனம் நேருமா எனப் பார்க்க விதிகள் கூறுகின்றன. கடுமைக்கு அளவு யாது? ஒரு மங்கலான சொல்லை மற்றொரு மங்கலான சொல்லால் விளக்கும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா?

மருத்துவக் குழு மறுத்த 33 வாரக் கருவைக் கலைக்க, 2022 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் இசைந்தது. ஊனத்தின் அளவைக் குழு தெளிவுறுத்தவில்லை என்று சுட்டி, முடிவு தாயினுடையது என்றது. 'தாயின் முடிவு' என்னும் அச்சொல்லைத் திருத்தத்திலேயே எழுதியிருந்தால், அப்பெண் அந்நிலையில் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.